பெட்டி பெட்டியாக வந்தால் படிக்கவும்

போன மாதம் என் கணவர் ராஜினாமா செய்யப்போவதாக அறிவித்தார். புனே மகர்பட்டா ஆபீஸிலிருந்து இல்லை — அங்கே சம்பளம் தருகிறார்கள். சம்பளமே இல்லாத வேலையிலிருந்து.

கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்ய ஒரு சாஃப்ட்வேர். அவரும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதி இலவசமாகத் தருகிறார்கள். ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நண்பர்களுக்கு வரிசையாகக் கல்யாணம் ஆகிவிட, இப்போது இவர் மட்டும்தான் மிச்சம்.

தினமும் மெயிலில் ஒரே கேள்வி. 'எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாக வருகிறதே?' பதிலும் ஒன்றுதான். ஃபான்ட் போட்டதும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

"இனிமே நம்மால முடியாது. எல்லாத்தையும் மூடிட்டு நிம்மதியா கிரிக்கெட் பாக்கப்போறேன்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. இந்தப் பத்தியை நான் டைப் செய்வதே அதில்தானே? பேனாவால் எழுதினால் என் கையெழுத்து எனக்கே புரியாது...

"எப்படிப் போடணும்னு விளக்கமா ஒரு டாக்குமென்டேஷன் இருந்தா யாரும் கேக்கமாட்டாங்கல்ல? நான் எழுதித் தரேன்" என்றேன். வீட்டிலேயே எழுத்தாளர் இருக்கும்போது என்ன கவலை?

எழுதினேன். எட்டுப் பக்கம். தமிழின் தொன்மையில் தொடங்கி, டைப்ரைட்டர் வழியாக நடந்து, ரீஸ்டார்ட் ஏழாம் பக்கத்தில் வந்தது. வெளியிட்ட மறுநாளே ஒரு வாசகர் மெயில் அனுப்பினார். 'அருமையான நடை. கண் கலங்கிவிட்டது. ஆனால், பெட்டி பெட்டியாக வருகிறதே?'

கணவர் டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, தண்ணீர்த் தொட்டி கழுவும் விஷயமாக வந்தார் ஜோஷி. எங்கள் பாணேர் அபார்ட்மென்ட்டின் செக்ரட்டரி. அசல் புனேக்காரர். கறாராக நோட்டீஸ் எழுதி மாட்டுவது இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அவர் வீட்டுக் கதவில் தொங்குவது இது: 'இங்கே செருப்பு விடாதீர்கள். எங்களிடமே நிறைய இருக்கிறது.'

மேஜையில் கிடந்த எட்டுப் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். தமிழ் தெரியாது. "இதில் என்ன சொல்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன்.

"ரீஸ்டார்ட் செய் என்பதற்கு இவ்வளவு காகிதமா, வஹினி?" என்றார். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. திட்டும்போதும் மரியாதை குறையாது.

நின்றபடியே அவர் சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன்.

'ஃபான்ட் போடவும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவும். செய்யாமலே செய்தேன் என்பவர்களுக்குப் பெட்டிதான் வரும். இதற்குப் பிறகும் கேட்பவர்கள் இதைப் படிக்காதவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.'

தமிழர்களை இப்படியா பேசுவது? கோபித்துக்கொள்ள மாட்டார்களா? பயந்துகொண்டேதான் போட்டோம்.

அடுத்த நாள் ஒரே ஒரு மெயில். 'ஐயா, பொய்தான் சொல்லியிருந்தேன். இப்போது சரியாக வருகிறது. நன்றி.' அதன்பின் அந்தக் கேள்வி வரவே இல்லை. கணவர் ராஜினாமாவை வாபஸ் வாங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நேற்று புது வெர்ஷன் வெளியானது. 'டாக்குமென்டேஷன்: ஜோஷி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். என் பெயரையும் விடவில்லை, பாவம்...

'நீக்கப்பட்ட பிழைகள்' என்ற தலைப்பில், முதலாவதாக.