கொப்பரை மண்டிக்கு வந்த ப்ளூடூத்

வயர் இருந்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடலாம். வயரே இல்லாத சாமானில் எதைத் தேடுவது என்று விழிப்பதுதான் எங்கள் தொழில். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் ஒரு வயர்லெஸ் கீபோர்டை இணைக்கப் போய், மதியச் சோற்றை மறந்து, கடைசியில் சுவரைப் பார்த்துப் பேசிய அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் எல்லாம் ஒரே பாவத்தைச் செய்தவர்கள்.

கோவையில் இருந்துகொண்டு ஸ்கூட்டரில் ஒற்றைப் பெண்ணாக ஊர் ஊராகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். அப்படிப் போகிற இடங்களில் ஒன்று கிணத்துக்கடவில் ஒரு கொப்பரைத் தேங்காய் மண்டி. முதலாளி சென்னியப்பன் அண்ணனுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகச் சும்மா கிடைக்கிற லினக்ஸ் ஒத்துப்போயிற்று, வயர்தான் ஒத்துப்போகவில்லை. கொப்பரை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் வயர் தங்காது. எல்லாவற்றையும் வயர்லெஸ் ஆக்கிவிடு என்று சொல்லிவிட்டார். அப்படி விளையாட்டாக ஆரம்பித்தது, ஒரு பெண்ணின் வேலை நிலைக்குமா போய்விடுமா என்கிற இடத்தில் வந்து நின்றது.

நகர்த்திக் கொடுத்தவர்

மண்டியில் கணக்கு எழுதுகிறவர் சரஸ்வதி அக்கா. பில் போடுகிறவர் மயில்சாமி. இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு வயர்லெஸ் மவுஸ் வாங்கிக் கொடுத்திருந்தார் அண்ணன். கொஞ்ச நாள் கழித்து பிரிண்டர் பார்க்கப் போனேன். சரஸ்வதி அக்கா திரையைப் பார்த்தபடியே, கொஞ்சம் மேலே போங்க தம்பி, இன்னும் கொஞ்சம் வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் மயில்சாமி தன் மவுஸைப் பதமாக நகர்த்தினார். அக்காவின் திரையில் அம்பு மேலே போயிற்று. பிறகு மயில்சாமிக்கு வேண்டிய இடத்துக்கு அக்கா நகர்த்திக் கொடுத்தார்.

மவுஸோடு வருகிற குட்டி ரிசீவர் இரண்டையும் கம்ப்யூட்டர் மாற்றிச் செருகியிருந்தார்கள், அவ்வளவுதான். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மவுஸை மாற்றிக்கொண்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்குமே என்றேன். மவுஸில் அவரவர் பெயரை எழுதி ஒட்டியிருந்ததால் அடுத்தவர் பொருளைத் தொட இருவருக்கும் மனசு வரவில்லையாம். எனக்காவது ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அதற்கு அக்கா சொன்ன பதில்:

"நல்லாத்தானுங்க நகத்திக் குடுக்கறாரு. அவரைப் போயிக் குத்தஞ் சொல்ல முடியுங்களா?"

பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மண்டி திறந்த அன்று காலையிலேயே போன். இரண்டு மவுஸிலும் அம்பு நகரவில்லை. முந்தின வாரம்தான் சிஸ்டம் அப்டேட் போட்டிருந்தேன், அதுதான் வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவு கட்டி, வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே போனேன். பேட்டரியை மாற்றினேன், ரிசீவரைப் பிடுங்கிச் செருகினேன், அப்டேட்டுக்கு முந்தைய பதிப்பைக் கொண்டுவந்து பார்த்தேன். எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் அலுத்துப்போய் மவுஸைத் திருப்பினேன். அடியில் சிவப்பு விளக்கு எரிகிற சின்னத் துவாரத்தை அடைத்துக் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அளவெடுத்து வைத்தது போல அத்தனை அழகான பொட்டு. ஈரத்துணியை வைத்துத் துடைக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. சரஸ்வதி அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"மேல வெச்சா கையில ஒட்டிக்குமுன்னுதானுங்க அடியில வெச்சேன். அங்க வெளக்கு வேற எரிஞ்சுட்டு இருந்துச்சுங்க."

போனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று

மயில்சாமி திருப்பூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்குத் தேன்மொழி வந்தாள். பி.காம் படித்தவள், பிறவியிலேயே பார்வை கிடையாது. தினமும் பொள்ளாச்சியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வருவாள். தராசு ஜன்னல் ஓரத்து மேசைதான் அவளுக்கு. வெளியே மூட்டையைத் தராசில் வைத்தால் அந்த எடை கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அதைப் பார்த்து பில் போட வேண்டும், நடுநடுவே காங்கேயத்து எண்ணெய் வியாபாரிகளின் போனுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். எடை தப்பாமல் பில்லில் ஏறினால் வேலை அவளுக்குத்தான். ஏறாவிட்டால் வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டார். நான் தேன்மொழியிடம், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருள் இருக்கிறது, அதைப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து பென்சில் டப்பா அளவில் ஒரு ப்ளூடூத் கருவியை எடுத்து வைத்தாள். அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள். திரையில் என்ன எழுத்து வருகிறதோ அது அங்கே பிரெய்ல் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவிப் படித்துக்கொள்ளலாம்.

"பேசற சாஃப்ட்வேரெல்லாம் வீட்டுக்குப் போதுங்க்கா. இங்க காது போனுக்கு வேணும், விரல் இருந்தாப் போதும் கம்ப்யூட்டருக்கு."

ஒற்றை வரி

பிரெய்ல் கருவிக்கான நிரலைப் போட்டேன். ப்ளூடூத் முதல் தடவையிலேயே இணைந்தது. இந்தத் தொழிலில் அப்படி ஒன்று நடந்தால் உடனே பயப்பட வேண்டும், எனக்கு அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தேன்மொழி திரையை விரலால் மடமடவென்று படித்ததைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். அந்த நேரம் வெளியே மூட்டையை ஏற்றினார்கள். தராசின் போர்டில் எடை தெரிகிறது, கம்ப்யூட்டருக்கு வரவில்லை. வாசலில் கொப்பரை வண்டிகள் நிற்கின்றன. அண்ணன் ஜன்னலருகில் வந்து நின்றார்.

தராசிலிருந்து, எலிக்குப் பயந்து இரும்புக் குழாய்க்குள் வருகிற, வயர்லெஸ் ஆகாமல் மிஞ்சிய ஒரே வயரின் முனையில் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதே சிப் சில பிரெய்ல் கருவிகளிலும் உண்டு. அதனால் இந்த நிரல், வந்திருப்பது பிரெய்ல் கருவிதான் என்று எண்ணித் தராசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இணையத்தில் கேட்டால் எல்லாரும் அந்த நிரலை நீக்கிவிடு என்பார்கள். இந்த மண்டியில் லினக்ஸ் போட்ட அன்றைக்கு நானும் அதைத்தான் செய்திருந்தேன். இப்போது நீக்கினால் தராசு பேசும், தேன்மொழியின் கருவி செத்துவிடும். வேறு கம்ப்யூட்டரில் உட்கார வைக்கலாம் என்றால் அங்கே அவளுக்கு வேலையே இல்லை. கீபோர்டில் நான் தட்டுவது நின்றது அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, என்ன ஆயிற்று என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். அவள் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

போனில் மறுபடியும் தேடினேன். நீக்கு, நீக்கு என்று ஆளாளுக்கு எழுதியிருந்ததற்கெல்லாம் அடியில் யாரோ ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். தயவுசெய்து நீக்காதீர்கள், என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் திரை, நிரலின் கோப்பில் அந்த சிப்பின் பெயர் இருக்கிற ஒரு வரியை மட்டும் செயலிழக்கச் செய்தால் போதும் என்று. எந்த ஊரோ, என்ன பேரோ தெரியாது. தேன்மொழியின் கருவி ப்ளூடூத்தில் வருவதால் அந்த வரி அதற்கு வேண்டியதில்லை. அதைத் தேடிப் பிடித்து, முன்னால் ஒரு குறியைப் போட்டு அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினேன். தராசின் எடை திரைக்கு வந்தது, தேன்மொழியின் விரலுக்கும் வந்தது. காசு வாங்காமல் இதையெல்லாம் எழுதி வைத்தவர்களையும், யாரும் கேட்காமலே வழி சொன்ன அந்த மனிதரையும் நான் மனசார வணங்கினேன்.

அடுத்த மூட்டை ஏறியது. தேன்மொழி காதில் போனோடு காங்கேயத்துக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தாள், விரல் புள்ளிகளின் மேல் இருந்தது. பில் மட்டும் போடவில்லை. அண்ணனின் முகம் மாறியது. அவள் போனில் இருந்தவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏனுங்க, தராசு மேல யாரோ கால் வெச்சிருக்காங்க. எடுக்கச் சொல்லுங்க, எண்ணு நிக்காம ஆடுதுங்க" என்றாள்.

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மூட்டையைக் கொண்டுவந்த விவசாயி பக்கத்தில் இருந்தவரோடு சுவாரசியமாகப் பேசிக்கொண்டு, ஒரு காலைத் தராசின் பலகை மேல் ஊன்றி நின்றிருந்தார். பாவம், அவருக்கே அது தெரியாது. வெட்கப்பட்டுக் காலை எடுத்தார். எண் நின்றது, பில் வந்தது. அண்ணன் தராசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லி வைத்திருந்த ஆளுக்கு என் எதிரிலேயே போன் போட்டு வர வேண்டாம் என்றார். பிறகு தேன்மொழியிடம் வந்தார்.

"இத்தனை வருசமா கொப்பரையோட சேத்து எத்தனை காலுக்குக் காசு குடுத்துப்போட்டனோ தெரியல கண்ணு. நாளைக்குக் காலையில வெள்ளனா வந்துருங்க."

எதையாவது நீக்கச் சொல்லி இணையமே திரண்டு வந்து சொன்னாலும், அது யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் நான் எண்டரைத் தட்டுகிறேன்.