கேஸ் கம்பெனி நம்பர்

சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது. பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஆபீசில் மேலதிகாரியின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது நான்தான் என்பதால், வினைச்சொல் விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டேன். என் மனைவியை நம்புவேனா?

2007இல் கடலூரில் குடியிருந்தோம். அவள் தபால் வழியில் டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டாள், ஆங்கிலம் மட்டும் அரியர். இரண்டு முறை சிதம்பரம் போய்ப் பரீட்சை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டாள். அறிவியலின் நன்மைகள் பற்றி ஒரு கட்டுரை எப்படியும் வரும் என்று நோட்ஸை மனப்பாடம் செய்வாள். நடுவில் ஒரு வரி மறந்தால் அத்தோடு சரி, சொந்தமாக எழுத வராது. நானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். "சயின்ஸ் ஹேவ்னு எழுதுறியே, நீயெல்லாம் டிகிரி படிக்கிறியா?" என்று நோட்டைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பிறகு அவள் அதை என்னிடம் கொண்டுவரவே இல்லை.

மூன்று மாதம் கழித்து, அலமாரியைக் குடைந்தபோது அந்த நோட்டு கையில் பட்டது. புரட்டினேன். ஒரு வினைச்சொல்கூடத் தப்பில்லை. பாராட்டத் தோன்றவில்லை. யாரோ சொல்லிக்கொடுக்கிறான். சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஏன் இருக்கக் கூடாது என்று என் புத்திக்கு எட்டவில்லை.

அப்புறம்தான் அவள் செல்போனைக் கவனித்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு முறை அடித்து நின்றுவிடும். "துணி எடுத்துட்டு வரேன்" என்று அவள் போனோடு மாடிக்குப் போவாள். இரண்டு பேர் துணியை எடுக்க அரை மணி நேரம். மழை நாளில், காயாத துணியை எடுக்கவும் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். போனை எடுத்துப் பார்த்தேன். மிஸ்டு கால் பூராவும் 'கேஸ் கம்பெனி'. எந்த கேஸ் கம்பெனி தினமும் மிஸ்டு கால் கொடுக்கும்? அந்த நம்பரை அழுத்தினேன்.

"என்னம்மா, காலையிலியே கூப்புடுற? அவன் வீட்ல இல்லியா?"

என் அக்காவின் குரல். குறிஞ்சிப்பாடியில் ஆங்கில டீச்சர். பத்திரிகையில் என் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று அவள் மகளின் காதுகுத்துக்குப் போகாமல் இருந்தேன். என் மடியில் உட்காரவேண்டிய பிள்ளை வேறு யார் மடியிலோ உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவள் செல்போன் வாங்கியதே எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டேன்.

நோட்டை மறுபடி எடுத்து அந்தக் கட்டுரையைப் படித்தேன். முன்பு பார்த்தது வினைச்சொற்களை மட்டும். தடுப்பூசி, ரயில், மின்சாரம் எல்லாம் நோட்ஸில் இருந்தபடியே வந்தன. கடைசிப் பத்தி மட்டும் அவளுடையது. ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தாள்: அறிவியல் தந்ததில் பெரிய நன்மை செல்போன். மெதுவாகப் புரிந்துகொள்பவர்கள் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்கலாம். கேட்கும்போது யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆறு மணிக்குப் போன் இரண்டு முறை அடித்து நின்றது. அவள் எழுந்தாள்.

"அக்காதான? இங்கியே உக்காந்து பேசு" என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. காலையில நான்தான் போன் பண்ணிப் பாத்தேன். கத்த மாட்டேன், உக்காரு."

அவள் நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்றைக்குக் கொடியில் துணியே இல்லை.