மீனாவின் பாவாடையோடு பெரிய கோயிலுக்கு

சிரம்பான் பெரிய கோயிலுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் போனது எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆடி வெள்ளியன்று. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் நாத்தனார் லெட்சுமியின் ஒரே மகள் மீனா ஏழு வயதில் காய்ச்சலில் போய், அன்றோடு வருஷம் திரும்பியது.

எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சின்னப் பெண்பிள்ளை இறந்துபோனால், வருஷம் திரும்பும் நாளில் அவள் அளவுக்குப் புதுப் பாவாடை தைத்து, பெற்றவளே தன் கையால் மாரியம்மனுக்குக் கட்டிவிட வேண்டும். பிள்ளையை ஆத்தாவிடம் ஒப்படைத்ததாக அர்த்தம். எங்கள் ஆத்தா இடுப்பளவு உயரமுள்ள கல். பிள்ளைப் பாவாடை கச்சிதமாக இருக்கும். ஆனால் அதற்குள் எஸ்டேட்டை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். ஆத்தாவை லாரியில் ஏற்றிப் பெரிய கோயிலுக்குக் கொடுத்தாயிற்று.

காலை ஏழு மணிக்கு நானும் லெட்சுமியும் எங்கள் ஊர் சுவாவில் பஸ் ஏறினோம். சிரம்பானில் இறங்கி, கோயில் பக்கம் போகும் பாரோய் பஸ். டிக்கெட் ஆளுக்கு இரண்டு மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது.

“கோயில் வந்தா சொல்லுங்கண்ணே” என்றாள் லெட்சுமி.

“அம்மாம் பெரிய கோபுரம் கண்ணுல படலன்னா நீ கண்ணாடிதான் போடணும்லா, தங்கச்சி!” என்றார் டிரைவர்.

ஒரு வருஷத்துக்கப்புறம் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பளிங்குத் தரை, கல்யாண மண்டபம், கார் நிறுத்த அவ்வளவு இடம். உள்ளே அம்மன் எங்களைவிட உயரமாக, கருங்கல்லில் நின்றாள். லெட்சுமி பாவாடை இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நம்ம ஆத்தா எங்க அண்ணி?”

ஆபீஸில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். “பழைய கல்லு பீடத்துக்கு அடியில இருக்கும்மா. அது மேலதான் இந்த அம்மன வச்சிருக்கோம்.”

அர்ச்சனைச் சீட்டுக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள். “மீனா, ரோகிணி” என்றாள். நான் அவள் கையைக் கிள்ளினேன், அவள் திரும்பவே இல்லை.

குருக்கள் சீட்டைப் பார்த்தார். “கொழந்தையக் கூட்டிட்டு வரலியாம்மா?”

“அவளுக்குத்தான் சாமி, இன்னிக்கு வருஷம் திரும்புது.”

பூ எடுத்த கை நின்றது. “இல்லாதவங்க பேருக்கு அர்ச்சனை பண்றதில்லம்மா.”

“அர்ச்சனை வேணாம் சாமி. இத மட்டும் நானே கட்டிட்டுப் போயிடறேன்.” சன்னதிக் கம்பியைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாள்.

“யம்மா, பின்னால எத்தன பேரு நிக்கிறோம்!” என்று ஓர் ஆள் சத்தம் போட்டார்.

குருக்கள் கையை நீட்டினார். வெகுநேரம் கழித்துத்தான் லெட்சுமி பையைக் கொடுத்தாள். அவர் பாவாடையை அம்மன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். பாதிகூடச் சுற்றவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதை மடித்து, அம்மனின் கைமேல் போட்டுவிட்டு தீபம் காட்டினார்.

“குளிச்சிட்டு வர்ற புள்ளைக்குத் துணி எடுத்துக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு அண்ணி” என்றாள் லெட்சுமி. அப்போதுதான் அழுதாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆடி வெள்ளியில் எட்டரைக்குள் போய்விடுங்கள். நம் கையால் சாமிக்கு எதுவும் கட்ட முடியாது. எதற்காக வந்தோம் என்பதை முதலிலேயே குருக்களிடம் சொல்லிவிடுங்கள். கும்பிட்டதும் கிளம்பிவிடாமல் கொஞ்சம் உட்காருங்கள்.

நாங்கள் மதியம் நடை சாத்தும்வரை தூணோரம் உட்கார்ந்திருந்தோம். திரை மூடும்போது லெட்சுமி மெதுவாகச் சொன்னாள்: “தலைய நல்லாத் துவட்டி விடு ஆத்தா. அவளுக்குச் சீக்கிரம் சளி புடிச்சுக்கும்.”