வெளிக்கரண்ட் பூஜ்யம்

லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘யூனிட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே பேச்சும் திறந்துவிடும். “நேத்து எங்க வீட்ல எத்தனை யூனிட் ஓடுச்சு தெரியுமா?” கூட இருப்பவர்கள் காதில் விழாத மாதிரி குனிந்து சாப்பிடுவார்கள்.

வீடு அவருடையதில்லை. மனைவியின் அப்பா கட்டி, அவள் பேருக்கு எழுதி வைத்தது. மொட்டை மாடியில் பத்து சோலார் பலகைகளையும், ராத்திரிக்குக் கரண்ட் சேர்த்து வைக்க ஒரு சின்ன பேட்டரியையும் ஏற்றியது மட்டும் இவர் வேலை. ஆள் வைத்துச் செய்தாலும் ஒவ்வொரு போல்ட்டையும் இவரே ஒரு தடவை முடுக்கிப் பார்த்தார். அடுத்த வருஷம் பேட்டரி கார் வந்தது. வாசல் சுவரில் அதற்கு ஒரு சார்ஜர் வந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் போனில் ஒரு ஆப் வந்தது. மாடியில் எவ்வளவு கரண்ட் உண்டாகிறது, வீட்டுக்கு எவ்வளவு போகிறது, காருக்கு எவ்வளவு போகிறது, பற்றாக்குறைக்கு வெளியிலிருந்து எவ்வளவு வருகிறது என்று நாலு நிறத்தில் நாலு கோடு. நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும், இறங்கும்.

வெளியிலிருந்து வருவது சிவப்புக் கோடு. அது தலை தூக்காமல் தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும். பணம் மிச்சமாவதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்தான். ‘இன்று வெளிக்கரண்ட் பூஜ்யம்’ என்று ஆப் காட்டினால் அன்றைக்கு முகத்தில் ஒரு களை வந்துவிடும். காட்டாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள்.

அந்த வீட்டில் மொத்தம் மூன்று பேர். மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். மகளுக்குப் பதினாலு வயது. ஓவன், வெந்நீர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மூன்றுக்கும் போனிலிருந்தே போடவும் அணைக்கவும் முடிகிற சுவிட்ச் மாட்டினார். “உங்க வசதிக்குத்தான்” என்றார். ஆனால் அந்த ஆப் இருந்தது அவர் போனில் மட்டும். ஓவன் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான். ஹீட்டர் ஆளுக்கு நாலு நிமிஷம். மகள் நடு முதுகில் சோப்பு நுரையோடு நிற்கும்போது வெந்நீர் நின்றுவிடும். கொஞ்ச நாளில் அவள் பச்சைத் தண்ணீரிலேயே தலைக்குக் குளிக்கப் பழகிக்கொண்டாள். அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் யாரோ ஒரு தம்பதியின் கல்யாண நாளுக்கு மூன்றடுக்கு கேக் ஆர்டர். அன்றைக்கு அவர் கம்பெனி வேனில் வேலைக்குப் போயிருந்தார். கார் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேகம் திரண்டது. ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அறையில் உட்கார்ந்தபடி போனைப் பார்த்தார். சிவப்புக் கோடு சரசரவென்று ஏறியது. உடனே வீட்டுக்குப் போன் அடித்தார்.

“மேகம் வந்துடுச்சு. ஓவனை நிறுத்து.”

“உள்ள கேக் இருக்குங்க. இன்னும் இருபது நிமிஷம்தான்.”

“அரை மணி நேரத்துல வெயில் வந்துடும். அப்ப போட்டுக்கோ.”

“பாதி வெந்த கேக்கை அப்படி நிறுத்தி நிறுத்திப் போட முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அவர் ஓவனை அங்கிருந்தே அணைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜை மேல் கேக் இருந்தது. நடுவில் பள்ளம் விழுந்து, உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி இருந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி அழவில்லை, கத்தவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த இருபது நிமிஷம் காரை நிறுத்தியிருக்கலாமே?”

அவர் நிஜமாகவே யோசித்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை. “கார்ல சார்ஜ் எண்பது பர்சென்ட் வர வேண்டாமா?” என்றார்.

“நீங்க வேற இடம் பாத்துக்கோங்க.”

“ஒரு கேக்குக்காகவா?”

“கேக்குக்காகன்னே வச்சுக்கோங்க.”

கோபம் ஒரு வாரத்தில் தணியும் என்று நினைத்தார். தணியவில்லை. எட்டாம் நாள் இரண்டு பெட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மகள் ஜன்னலில் நின்று பார்த்தாள், கை காட்டவில்லை.

வாடகைக்குப் பிடித்தது ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை, ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், ஒரு கரண்ட் அடுப்பு. கண்காணிக்க அங்கே ஒன்றுமில்லை. காருக்குச் சார்ஜ் போடக்கூட வசதியில்லை. பெட்ரோல் பங்க் பக்கத்துப் பொதுச் சார்ஜரில் வரிசையில் நின்றார். ஆனால் ஆப் போனில் அப்படியே இருந்தது. வீட்டில் யாருக்கும் அதன் நினைப்பே இல்லை.

முதல் மாதம் வயிறு எரிந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஓவன்! வெயில் இருக்கிற மத்தியான நேரத்தில் சும்மா கிடக்கிறது! பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். ஓவனை அணைக்கும் பொத்தானுக்கு மேலேயே விரல் நிற்கும். அழுத்தவில்லை. அழுத்தினால் அவர் பார்ப்பது தெரிந்துபோகும்.

போகப் போக அந்தக் கோடுகளே துணையாகிவிட்டன. ஆறு பத்துக்குச் சின்னதாக ஒரு மேடு. அது டீக்கு வெந்நீர் வைக்கிற கெட்டில். ஆறே முக்காலுக்கு ஹீட்டர், பதினோரு நிமிஷம். மகள் குளிக்கிறாள். வேலையிடத்தில் யாராவது “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டால், யோசிக்காமல் “சௌக்கியம்” என்பார். ஒரு தடவைகூட அவர்களுக்குப் போன் செய்ததில்லை. எல்லாம்தான் தெரிகிறதே.

ஏழாவது மாதம் ஒரு அதிசயம் நடந்தது. சிவப்புக் கோடு மூன்று நாள் தரையை விட்டு எழவில்லை. ஓவன் இல்லை, ஹீட்டர் இல்லை, ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடியது. வெளிக்கரண்ட் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சாப்பாட்டு வேளையில் போனை எல்லாருக்கும் நீட்டினார். “பாத்தீங்களா? நான் அங்க இல்லன்னாதான் புத்தி வருது.” அன்றைக்குத் தன் கைக்காசில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் ஓவன் ஓடவில்லை. அவருக்கு அது இன்னும் திருப்தி. ஆனால் இரண்டு வாரம் கழித்து, ஏழு மாதமாகச் செத்துக் கிடந்த சார்ஜர் கோடு எழுந்தது. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து வரை. மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

யாருடைய கார்?

அடுத்த நான்கு நாள் சாப்பாட்டு வேளையில் அவர் யாருக்கும் போனை நீட்டவில்லை. ஒரு லிஃப்டில் வயரை மாற்றி மாட்டியதில், அது ஐந்தாம் மாடி பொத்தானுக்கு மூன்றாம் மாடியில் போய் நின்றது. சூப்பர்வைசர் திட்டியதும் காதில் ஏறவில்லை. ஐந்தாம் நாள் அரை நாள் லீவ் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்.

வாசலில் ஒரு வெள்ளைக் கார். இவர் பதித்த சார்ஜரின் வயர் அதில் செருகியிருந்தது. காலிங்பெல்லை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. மகள் கதவைத் திறந்தாள்.

“யாரோட காரு இது? தினம் நாலு மணிக்கு வந்து நிக்குதே, யாரு அது?”

மகள் விலகி நின்றாள். ஹாலில் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது முழங்கையில் நீளமாகத் தையல் தழும்பு. கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. எதிரே ஸ்டூலில், நரைத்த தலையோடு ஒரு பிசியோதெரபி அம்மா அந்தக் கையைப் பிடித்து மெல்ல மடக்கிக்கொண்டிருந்தாள். “நான் ரொம்ப தூரத்துலேருந்து வரேன். இங்க சார்ஜ் போட்டுக்கோங்கன்னு இவங்கதான் சொன்னாங்க” என்று அந்த அம்மா எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

“நீங்க உக்காருங்க” என்றாள் மனைவி.

அவர் செருப்போடு இரண்டு அடி உள்ளே வந்தார். “என்ன ஆச்சு?”

“சமையக்கட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க” என்றாள் மகள். “எலும்பு உடைஞ்சு பிளேட் வச்சிருக்கு. அம்மா மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்தாங்க. நான் சித்தி வீட்ல இருந்தேன்.”

“எனக்கு ஏன் சொல்லல? அதான் ஓவன் ஒரு மாசமா ஓடலையா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பிசியோ அம்மாவின் கைகள் நின்றுவிட்டன. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கீங்களா?”

அவர் போன் இருந்த பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

“அப்ப அந்த மூணு நாளும் பாத்திருப்பீங்களே. வீட்ல ஒரு விளக்குகூட எரியல. என்னன்னு நினைச்சீங்க?”

வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது. மகள் பார்த்துக்கொண்டு நின்றதால் அது வெளியே வரவில்லை.

“சிக்கனமா இருக்கீங்கன்னு நினைச்சேன்.”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரித்து முடித்து, “பாஸ்வேர்டை மாத்திடு” என்றாள் மகளிடம்.

மகள் தன் போனில் ஆப்பை இறக்கினாள். பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இவர்தான் பக்கத்தில் நின்று, “மேல மூணு கோடு இருக்கு பாரு, அதை அழுத்து... இப்ப பழையதைப் போடு” என்று சொல்லிக்கொடுத்தார். பழைய பாஸ்வேர்ட் மகளுடைய பிறந்த தேதி. புதிதாக எதைப் போடுகிறாள் என்று தெரியாமல் இருக்க, சொல்லாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாக்கெட்டில் அவர் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

“டீ குடிச்சிட்டுப் போங்க” என்று யாரும் சொல்லவில்லை.

விவாகரத்துக்குக் கோர்ட்டில் பிரச்சினை எதுவும் வரவில்லை. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். மகள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வருகிறாள். பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்காருவார்கள். பள்ளிக்கூடம், பரீட்சை என்று அவள் பத்து நிமிஷம் பேசுவாள். அதற்கு மேல் இவர்தான் ஏதாவது கேட்க வேண்டும். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. போன மாதம், “அம்மாவுக்குக் கை இப்ப மடங்குதா?” என்று கேட்டார்.

“அதை அம்மாகிட்டதான் கேக்கணும்ப்பா” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு எழுந்துகொண்டாள்.