முடியாதவர்களுக்கு மட்டும்

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை அசனம். ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அந்தப் பெயர். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் எடுத்த பிறகும் ஒரு தெருக்காரர் வீட்டில் இன்னொரு தெருக்காரர் தண்ணீர் குடிக்க மாட்டாராம். திருவிருந்துக் கிண்ணத்தில் வாய் வைக்கவே யார் முதலில் என்று பார்த்திருக்கிறார்கள். அதை உடைக்க வந்த ஏற்பாடு இது. வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்கி ஒரே அண்டாவில் கொட்டுவார்கள். பல ரகமும் கலந்து பாதி குழைந்தும் பாதி வேகாமலும் வரும். அவரவர் அரிசியும் அதில் கிடப்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது சமையல்காரர் வைத்து, ஒரே ரகப் பொன்னி. சோறு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அலுத்துவிட்டது. எங்கள் ஆலயம் இருக்கும் பழங்காநத்தத்துச் சந்துக்குள் பெஞ்சு தூக்கி, இலை போட்டு, வாளி சுமந்து இருபது வருடமாகிறது. இந்த முறை கமிட்டியில், முடியாதவர்களுக்கு மட்டும் பார்சல் உண்டு என்று அறிவித்துத் தொலைத்தோம். அன்றைக்குப் பார்த்துச் சபையில் ஏறக்குறைய எல்லோருக்குமே முடியவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்குக்கூட மூட்டுவலி. தூக்குச்சட்டி வரிசை கேட் வரை நின்றது. எரிச்சலாக வந்தது.

நான்கு பந்தி நடக்கும் இடத்தில் ஒரே பந்தி. ஐம்பது இலைக்கு ஒன்பது பேர் ஒரு மூலையில் இருந்தார்கள். ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கிறவர் மட்டும் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தாவைப் பந்தியில் உட்காரவைக்கத்தான் அசனமே தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். இதுவும் போனால் அவர் எங்களோடு வேறெங்கே உட்காருவார்? அவருக்கு இரண்டு பக்கமும் கிடந்த காலி இலைகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சோறு வைக்குமுன்பே எழுந்து என்னிடம் வந்தார்.

"சார், எனக்கும் பார்சலே கட்டிருங்க."

இருங்கள், ஆட்கள் வருவார்கள் என்றேன்.

"யாரு வாரா? நீங்களே ஒரு வருசமும் எம் பக்கத்துல உக்காந்ததில்லையே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. பரிமாறுகிறவன் எப்படி உட்காருவது என்று கேட்க வாயெடுத்தேன். ஒவ்வொரு வருடமும் பரிமாறியவர்களுக்கென்றே கடைசிப் பந்தி உண்டு, அவரும் அதில்தான் சாப்பிடுவார். நான் அலுப்பாக இருக்கிறதென்று சொல்லி, என் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். சபையில் பார்சலைத் தொடங்கி வைத்தவனே நான்தான்.

அப்போதாவது அவரோடு உட்கார்ந்திருக்கலாம். கறியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.