அவர் திட்டாத வருஷங்கள்

என் வீட்டுக்காரர் ஆரணியில் பட்டு நெய்கிறவர். முன்னறையில் தறி, பின்னால் அடுப்படி. பருப்பு லேசாக அடிப்பிடித்தாலும் தறிச் சத்தம் நின்றுவிடும். அடுத்து, "என்னாடி, தீயுது. எங்க பார்த்துகினு இருக்க?" என்று கத்துவார்.

சில வருஷத்துக்கு முன் அந்தத் திட்டு நின்றுபோனது. எதைப் போட்டாலும் "நல்லா இருக்குது" என்று சாப்பிட்டார். வயசாக வயசாக மனுஷன் தங்கமாகிவிட்டார் என்று என் தங்கச்சியிடம் பெருமையடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பயமில்லாமல் சமைத்தது அப்போதுதான்.

போன மாசம் கை நடுங்குகிறது என்று வேலூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "இது மூளையில வர்ற நோய்ங்க. நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே நிறைய பேருக்கு வாசனை தெரியாம போயிடும். உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியல?" என்று கேட்டார்.

"தெரியலீங்களே" என்றார் அவர்.

எனக்குத் தெரிந்தது. அவர் திட்டு நின்ற நாளிலிருந்துதான். நான் சந்தோஷமாக இருந்த வருஷமெல்லாம் அந்த நோய் அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

நேற்று, ஒரு தடவை திட்டமாட்டாரா என்று, பருப்பை வேண்டுமென்றே தீயவிட்டேன். வீடெல்லாம் நாற்றம். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

தறி மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது.