பெண்கள் பக்கத்துப் பெட்டி

குற்றாலத்தில் ஒரு விடுதியின் மண்டபத்தில் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு கிடக்கின்றன, எடுத்துக்கொள்கிறீர்களா என்று அதன் மேலாளர் போனில் கேட்டபோது, நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தென்காசியில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை எனக்கு. பழைய ஸ்பீக்கர்களை வாங்கிச் சரிசெய்வது பொழுதுபோக்கு. என் மனைவி அதைக் கிறுக்கு என்பாள்.

அன்று சாயங்காலமே கடையநல்லூர்க் கூட்டாளியை அழைத்துக்கொண்டு போனேன். ஐ.டி.ஐ.யில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்ததும் நான் ஊரிலேயே தங்கிவிட்டேன். அவன் வளைகுடாவுக்குப் போய், ஒரு பெரிய ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் இருபது வருஷம் மைக்கும் ஸ்பீக்கரும் பார்த்தான். பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது போய்விட்டது. அவனோடு நடந்தால் இடது பக்கமாகத்தான் நடக்க வேண்டும். மறந்து வலப்பக்கம் போய்விட்டால், பாதித் தெரு தாண்டிய பிறகு, "என்னல, ரொம்ப நேரமா பேசாம வாரே?" என்பான்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே இருந்தன. ஒவ்வொன்றிலும் கீழே பதினைந்து அங்குல ஸ்பீக்கர், மேலே ஒரு சின்னக் கூம்பு. ஈரம் குடித்துப் பலகை ஓரங்கள் உப்பியிருந்தன. ஒரு பெட்டியில் ஸ்பீக்கரின் அதிர்கிற காகிதத்தில் பூஞ்சை. இன்னொன்றில் காகிதமே நார்நாராகத் தொங்கியது.

"குரங்கு சார்," என்றார் மேலாளர். "ஜன்னலைச் சாத்த மறந்துட்டாங்க. உள்ள திங்க ஏதும் இருக்கும்னு நெனச்சிருக்கும் போல."

கூட்டாளி சட்டைப்பையிலிருந்து ஒரு டார்ச் பேட்டரியை எடுத்தான். பூஞ்சை பிடித்த ஸ்பீக்கரின் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பின்பக்க முனைகளில் பேட்டரி வயரால் தொட்டான். டக்கென்று காகிதம் முன்னால் துள்ளியது. காது சொல்லாததை அவனுக்குக் கை சொல்லும்.

"உசுரு இருக்குலே. தூக்கு," என்றான்.

ஆட்டோவில் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் டிரைவரின் இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டு வந்தோம். இலஞ்சி தாண்டும்போதுதான் அவன் விஷயத்தைச் சொன்னான்.

"ரெண்டாவது மவளுக்கு நிக்காஹ் வருதுல்லா. அதுக்கு இந்தப் பெட்டியத்தான் வைக்கப் போறேன். நீயும் நானும் கட்டுன பெட்டி."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் இந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் எங்கள் பின்வாசல் கொட்டகையில் வேலை நடந்தது. உப்பிய பலகையை இழைத்து, பசை ஊட்டி, இறுக்கிக் கட்டிக் காயவைத்தோம். குரங்கு கிழித்த ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதமும் புதுக் காயிலும் வாங்கி வந்தோம். காயில் என்பது மெல்லிய செப்புக்கம்பி சுற்றிய ஒரு வளையம். காந்தத்தின் இடுக்கில் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் உரசும். அதை நடுவில் நிறுத்த எக்ஸ்ரே படத்தைக் கீற்றுகளாக வெட்டிச் சுற்றிலும் செருகுவது வழக்கம். என் முழங்கால் எக்ஸ்ரே ஒன்று பீரோவில் கிடந்தது. கூட்டாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "முட்டு தேஞ்சதுக்கு இப்பமாது ஒரு பிரயோசனம் வந்துச்சு," என்றான்.

காகிதத்தின் ஓரத்தில் பசை போடும் வேலையில் எங்கள் இருவர் கையும் சொதப்பியது. ஒரு இடத்தில் திட்டு, ஒரு இடத்தில் ஒன்றுமில்லை. ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த மனைவி வந்து பார்த்தாள்.

"தள்ளுங்க ரெண்டு பேரும்," என்று உட்கார்ந்து, புடவை ஓரம் அடிக்கிற மாதிரி ஒரே சீராக, ஒரே மூச்சில் சுற்றிப் போட்டு முடித்தாள். கூட்டாளி கைகட்டி நின்று பார்த்தான்.

"மதினி, துபாயில இருந்திருந்தா ஒங்களுக்கு நாந்தான் ஹெல்ப்பர்," என்றான்.

அன்று முதல் பசை டப்பா அவள் பொறுப்பு. கிறுக்கு என்று சொல்வதும் கொஞ்சம் குறைந்தது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதன் முதுகில் வரிசையாகத் திருகாணிகள் உண்டு. ஒரு ஓரத்தில் நாலு, எட்டு, பதினாறு ஓம். மறு ஓரத்தில் எழுபது வோல்ட், நூறு வோல்ட். அந்த வோல்ட் திருகாணிகள் கோயில் கொடைத் திருவிழாவில் தெரு நெடுகக் கட்டுகிற பெரிய கூம்புகளுக்கு. அந்தக் கூம்புகளுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், தாங்கும். எங்கள் பெட்டிக்குள் அது கிடையாது. எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்துக் கொடுத்தால் நாலு ஓம். அந்தத் திருகாணியில்தான் கொடுக்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நிக்காஹுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், கூட்டாளி பத்திரிகை கொடுக்க வீரகேரளம்புதூர் போயிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. குரங்கு கிழித்த பெட்டியை மட்டும் தனியாகப் போட்டுப் பார்ப்போம் என்று ஆம்ப்ளிஃபயரைச் சுவரோரம் இழுத்தேன். திருகாணிகளுக்கு மேலிருந்த எழுத்து துருவில் மறைந்திருந்தது. விரலால் எண்ணினேன். எண்ண ஆரம்பித்த ஓரம் தப்பு. எட்டு ஓமில் போகவேண்டிய வயர் வோல்ட் பக்கம் போய்விட்டது.

ஒரு நொடி பெட்டி அலறியது. பிறகு ஒரு இருமல். பிறகு மௌனம். காகிதத்தின் நடுவிலிருந்து நூல்போலப் புகை வந்தது. தீய்ந்த வார்னிஷ் நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவியது. தையல் மிஷின் நின்றது.

"என்னத்த வச்சுச் சுட்டிய?" என்று மனைவி வாசலில் வந்து நின்றாள்.

நான் சொன்னேன். சொல்லும்போதே மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. காயில் மட்டமான சரக்கு, தானாகவே போய்விட்டது என்று அவனிடம் சொல்லலாம். நம்புவான். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணன்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. கூட்டாளிகிட்ட பொய் சொல்லிட்டு எப்படி அவுக வீட்டுக் கல்யாணத்துக்குப் போயி உக்காருவிய?"

போன் போட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன். "சரி, வாரேன்," என்று மட்டும் சொன்னான். ஒன்றரை மணி நேரத்தில் பஸ் பிடித்து வந்துவிட்டான். பத்திரிகைக் கட்டு கக்கத்தில் அப்படியே இருந்தது. பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு, தீய்ந்த காயிலை மோந்து பார்த்தான்.

"ஏசணும்னா ஏசிரு," என்றேன்.

"ஏசலாம்னுதான் வந்தேன். பஸ்லயே ஏசி முடிச்சிட்டேன்." தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் சொன்னான்.

"மூத்தவ நிக்காஹுக்கு எனக்கு லீவு குடுக்கல. எனக்குப் பதிலா என் தம்பிதான் ஒக்காந்து பொண்ணக் குடுத்தான். அவ உம்மா, என் வீட்டுக்காரி, மாடியில பொம்பளைங்க பக்கம் இருந்த ஸ்பீக்கருக்கு நேரா போனைப் புடிச்சா. நான் ஹோட்டல் ஸ்டோர் ரூம்ல நின்னு கேக்கேன். கொரகொரன்னு ஒரே எரைச்சல். இருபது வருசமா ஊரான் வீட்டு விருந்துக்கெல்லாம் சத்தம் கட்டுனவன், எம்மவ நிக்காஹ்ல ஒரு வார்த்தை வெளங்கலலே. எனக்கு மட்டுமில்ல. மேல இருந்த அவ்வளவு பேருக்கும் வெளங்கல. கீழ பேரீச்சம்பழம் குடுக்க ஆரம்பிச்ச பொறகுதான், முடிஞ்சிட்டு போலயேன்னு தெரிஞ்சிருக்கு."

மனைவி மோர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "இன்னும் நாலு நாள் இருக்குல்லா அண்ணே. காயில் மட்டும் வரட்டும், பசைய நான் பாத்துக்கிடுதேன்," என்றாள்.

மறுநாள் லீவு போட்டு, காலை ரயிலில் திருநெல்வேலி போனேன். ஜங்ஷன் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் அளவுக்குச் சரியான காயில் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் திரும்பினேன். அன்றைக்கே மனைவி பசை போட்டாள். காய ஒரு முழுநாள் வேண்டும். அந்த ஒரு நாளும் கொட்டகைப் பக்கம் நான் வரக்கூடாது என்று உத்தரவு.

நிக்காஹ் காலையில் கடையநல்லூர் மண்டபத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். கீழே ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி. எரிந்து பிழைத்த பெட்டியையே மாடிக்கு வைத்தான் கூட்டாளி. மண்டபத்து எலக்ட்ரீஷியன் மாடிக்கு இழுக்க ஒரு மெல்லிய வயர்ச் சுருளோடு வந்தார். கூட்டாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இம்புட்டு தூரத்துக்கு இதுல குடுத்தா பாதிச் சத்தம் வழியிலயே சூடாப் போயிரும். மேல போயிச் சேராது."

வீட்டு மெயின் வயரிங்குக்குப் போடுகிற தடித்த செப்பு வயரை இரண்டு பேருமாக ஜன்னல் வழியாக இழுத்தோம். கல்யாணப் பெண்ணின் தகப்பன் புதுச்சட்டையில் ஏணி மேல் நிற்பதைப் பார்த்து, வந்தவர்கள் எல்லோரும் ஏசினார்கள். அவன் ஏசியவர்களுக்கெல்லாம் வலது காதைக் காட்டினான்.

கூட்டம் வந்த பிறகு மாடிக்கு நாங்கள் போக முடியாது. மேலே என் மனைவிதான் எங்களுக்குக் காது. போனில் கேட்டேன்: "எப்படி இருக்கு?"

"சத்தம் இருக்கு, வார்த்தை இல்லை. கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு."

கூட்டாளி யோசித்தான். "மூலையில வச்சிருக்காங்க. அதான். வெளிய இழுத்து, ஒசரத்துல வைக்கச் சொல்லு. நான் இங்கன பாஸை, அந்த அடிச்சத்தத்தைக் கொறைக்கேன்."

மேலே தரையில் மரம் இழுபடும் சத்தம் கேட்டது. அவளும் கூட்டாளியின் மூத்த மகளும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து அந்தக் கனத்தை மேஜை மேல் ஏற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "இப்ப சரி. பக்கத்துல ஒக்காந்து பேசுத மாதிரி இருக்கு."

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் ஓதினார். பிறகு மைக் கூட்டாளியின் முன்னால் வந்தது. நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். "என் மகளை..." என்று அவன் ஆரம்பித்தான். குரல் அங்கேயே நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினான். மூச்சு இழுத்தான். ஒவ்வொன்றும் மண்டபம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. நாங்கள் அவ்வளவு சுத்தமாகக் கட்டியிருந்தோம். சத்தத்தைக் குறைத்து அவன் மானத்தைக் காப்பாற்றலாமா என்று என் விரல் அசைந்தது. குறைக்கவில்லை. அவன் மறுபடி ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தான். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதைச் சொன்னதும் மாடியில் குலவை எழுந்தது.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு மூத்த மகள் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"வாப்பா, நீங்க மூக்கு உறிஞ்சுனது வரைக்கும் மேல கேட்டுச்சு."

"அதை விடு. வார்த்தை வெளங்குச்சா?"

"எல்லாம் வெளங்குச்சு. அழுதுட்டே இருந்த தங்கச்சி நீங்க செருமுனதக் கேட்டுச் சிரிச்சிட்டா."

அவன் மைக் ஸ்டாண்டைக் கழற்ற ஆரம்பித்தான். நான் வயரைச் சுருட்டினேன். என் மனைவி படியிறங்கி வருவதைப் பார்த்ததும் அவன் முகம் மறுபடி தொழில்காரன் முகமாகிவிட்டது.

"மதினி, மாடியில பாஸை ரொம்பக் கொறைச்சிட்டேனோ? இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாமா?"

"பிரியாணி ஆறிப்போவுது, ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வாங்க," என்றாள் அவள்.